ஸ்டாண்ட்பை படுத்துவிட்டால் வால் கோப்புகளை யார் வைத்திருப்பது?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பிரைமரியையும் (முதன்மை சர்வர்) ஸ்டாண்ட்பையையும் (அதன் நகலாகத் தொடரும் சர்வர்) இணைப்பது அரை மணி நேர வேலை. யார் இணையலாம் என்று சொல்லும் பிஜி_எச்பிஏ கோப்பில் 'ரெப்ளிகேஷன்' என்று தனி வரி வேண்டும். டேட்டாபேஸ் இடத்தில் 'ஆல்' என்று போட்ட வரி இதற்குச் செல்லாது. முதல்முறை செய்பவர்கள் பெரும்பாலும் முட்டிக்கொள்வது அங்கேதான். நிஜமான தலைவலி வேறு. ஸ்டாண்ட்பை ஓர் இரவு நின்றுபோனால், அது இன்னும் வாங்காத வால் கோப்புகளை (டேட்டாபேஸின் மாற்றங்கள் பதியும் கோப்புகள், ஒவ்வொன்றும் வழக்கமாக 16 எம்பி) யார் பாதுகாப்பது?

வால்_கீப்_சைஸ் என்ற அமைப்பு பழைய வழி. இத்தனை ஜிபி வைத்திரு என்று குத்துமதிப்பாகச் சொல்கிறோம். கணக்கு தப்பினால் ஸ்டாண்ட்பையை முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான். சின்ன டேட்டாபேஸுக்குப் போதும்.

9.4ஆம் பதிப்பில் வந்த ரெப்ளிகேஷன் ஸ்லாட்டுக்குக் குத்துமதிப்பே தேவையில்லை. ஸ்டாண்ட்பை எதுவரை வாங்கியது என்று பிரைமரியே குறித்துவைத்து, மிச்சத்தை அழிக்காமல் காக்கும். கேட்க நன்றாக இருக்கும். ஒருமுறை சோதனை சர்வரைக் கழற்றிவிட்டு அதன் ஸ்லாட்டை நீக்க மறந்தேன். வராத விருந்தாளிக்கு இலை போட்டுக் காத்திருப்பதுபோல் பிரைமரி கோப்புகளைச் சேர்த்துக்கொண்டே போனது. டிஸ்க் நிரம்பி, நன்றாக ஓடிய பிரைமரியே நின்றது. 13ஆம் பதிப்பிலிருந்து மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்ற கடிவாளம் உண்டு. ஆனால் அதன் இயல்பு மதிப்பு -1, அதாவது வரம்பே இல்லை. நாமாகப் போட்டால்தான் உண்டு.

மூன்றாவது, ஆர்க்கைவ். கோப்பு நிரம்பியதும் வேறு இடத்துக்கு நகலெடுத்துவிடுவது. இதை மட்டும் நம்பினால் ஸ்டாண்ட்பை கொஞ்சம் பின்தங்கியே இருக்கும். நகல் கட்டளை தோற்றுக்கொண்டே இருந்தால் இங்கும் டிஸ்க் நிரம்பும். ஆனாலும் என் ஓட்டு இதற்கே. யாரோ கைதவறி டிராப் டேபிள் அடித்தால், அந்த அழிவு அப்படியே ஸ்டாண்ட்பைக்கும் போய்ச் சேரும். ஸ்லாட் அதைத் தடுக்காது. பேஸ்பேக்கப்பும் (முழு டேட்டாபேஸின் நகல்) ஆர்க்கைவும் இருந்தால் அதற்கு முந்தைய நிமிடத்துக்குத் திரும்பலாம். (பேஸ்பேக்கப் எடுக்கும்போது இரண்டு இணைப்புகள் போகும். இத்தகைய இணைப்புகளின் உச்சவரம்பான மேக்ஸ்_வால்_சென்டர்ஸில் அதற்கும் இடம் விடுங்கள்.)

இப்போது வரம்பு போட்ட ஸ்லாட்டும் அதன் பின்னால் ஆர்க்கைவும் வைத்திருக்கிறேன். வரம்பு தாண்டினால் ஸ்லாட் செல்லாததாகிவிடும். ரெஸ்டோர்_கமாண்ட் வழியாக ஸ்டாண்ட்பை ஆர்க்கைவிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த ஸ்லாட்டை நீக்கிப் புதிதாக உருவாக்கினால்தான் பிரைமரியிலிருந்து நேரடியாக வாங்கும் ஸ்ட்ரீமிங் திரும்பும். ஸ்லாட்டுகளின் நிலையைக் காட்டும் பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸில் வால்_ஸ்டேட்டஸ் 'லாஸ்ட்' என்று காட்டுகிறதா என்பதை அலர்ட்டில் சேர்த்துவிடுங்கள்.