வழிகாட்டி அருமை, கூட்டம்தான் அதிகம்

சரணாலயத்தில் காலையில் நடத்தும் பறவை நடைக்கு, அதாவது வழிகாட்டியோடு நடந்தபடி பறவை பார்க்கும் சுற்றுக்குப் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம், ஆனால் விடிந்ததும் கிளம்பும் முதல் குழுவில் இடம் கிடைத்தால் மட்டும். வெயில் ஏறிவிட்டால் பெரும்பாலான பறவைகள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும், அடுத்த குழுவில் வருகிறவர்கள் வெறும் மரங்களைத்தான் பார்ப்பார்கள்.

வழிகாட்டிக்கு முழு மதிப்பெண். நீர்க்காகம் ஏன் சிறகை விரித்து உட்கார்ந்திருக்கிறது, இறகு நனைவதால்தான் அதற்கு முங்குவது சுலபம், அப்புறம் அதைக் காயவைக்க வேண்டியிருக்கிறது என்று பறவையைக் காட்டியே விளக்கினார். பக்கத்துக் கிளையில் பாம்புத்தாராவும் இருந்ததால், நீர்க்காகத்தின் நுனி வளைந்த அலகுக்கும் பாம்புத்தாராவின் நேரான கூர் அலகுக்கும் உள்ள வித்தியாசம் சட்டென்று பிடிபட்டது. படம் எடுப்பதற்காகக் கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்ட ஒருவரை அவர் உடனே தடுத்ததும் பிடித்தது, கூடு கட்டும் காலத்தில் அது பெரிய தொந்தரவு.

வாடகைக்குத் தந்த 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை) பைனாகுலர் நல்ல தெளிவு. ஆனால் ஒரே குழுவில் இத்தனை பேரா? பின்னால் நிற்பவருக்கு விளக்கமும் கேட்காது, எட்டிப் பார்ப்பதற்குள் பறவையும் பறந்திருக்கும். பறவை பார்க்க ஏறும் கண்காணிப்புக் கோபுரம் வேறு பூட்டிக் கிடந்தது. தண்ணீரை மறக்காமல் எடுத்துப்போங்கள், பாதையில் எங்கும் கிடையாது.