முனைவர் பட்ட ஆய்வு: அமெரிக்காவா, ஜெர்மனியா, இந்தியாவா?

எம்.எஸ்சி. இறுதியாண்டை எட்டும் அறிவியல் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடுதான் வருகிறார்கள்: உதவித்தொகை எவ்வளவு, தரவரிசையில் அந்தப் பல்கலைக்கழகம் எத்தனையாவது. நெறியாளரை எந்தக் கட்டத்தில் தேர்ந்தெடுக்கப் போகிறோம், அவரோடு ஒத்துப்போகாவிட்டால் ஆய்வைக் கைவிடாமலேயே வேறொருவரிடம் மாற வழியுண்டா என்பவை அவற்றுக்கும் முன்பே கேட்கப்பட வேண்டியவை. இந்த ஒப்பீடு முதன்மையாக அந்தக் கோணத்திலேயே அமைகிறது.

அமெரிக்காவில், பொறியியலின் சில பிரிவுகளை விட்டுவிட்டால், மாணவரைச் சேர்த்துக்கொள்வது பொதுவாகத் துறையே. முதல் ஓரிரு ஆண்டுகள் பாடங்களிலும் தகுதித் தேர்விலும் கழிகின்றன. உயிரியல் மாணவர்கள் முதலாண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வீதம் பணியாற்றிப் பார்த்த பிறகே தமக்குரியதைத் தேர்கிறார்கள். நுழைவு விசாவும் பல்கலைக்கழகப் பதிவைச் சார்ந்தது என்பதால், நெறியாளரை மாற்றினால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. இந்தப் பாதுகாப்புக்கு விலையாக ஐந்து முதல் ஆறு ஆண்டுகள் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதோடு இன்று நிதி பற்றிய ஐயமும் சேர்ந்துகொண்டது: 2025-இல் கூட்டரசின் ஆராய்ச்சி நிதியில் வந்த வெட்டுகளையும் முடக்கங்களையும் அடுத்துப் பல பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டச் சேர்க்கையைக் குறைத்தன, சில இடங்களில் கொடுத்த அனுமதியே திரும்பப் பெறப்பட்டது. ஆகவே, கைக்கு வரும் அனுமதிக் கடிதம் எத்தனை ஆண்டுகளுக்கு நிதி உறுதியளிக்கிறது என்பதைச் சொல்லுக்குச் சொல் படித்துப் பார்ப்பது கட்டாயம்.

ஜெர்மனியில் நிலைமை ஏறத்தாழ தலைகீழ். முதுகலைப் பட்டம் பெற்றவர், ஒரு குறிப்பிட்ட பேராசிரியர் ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்காக விளம்பரம் செய்யும் பணியிடத்துக்கு விண்ணப்பிக்கிறார், கிடைத்தால் மாநில அரசுப் பணியாளர்களுக்கான ஊதிய அட்டவணையில் டி.வி.-எல். இ-13 என்னும் நிலையில் ஒப்பந்தப் பணியாளராகிறார். கல்விக் கட்டணம் இல்லை. ஓய்வூதியக் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் ஒப்பந்தத்தோடு வந்துவிடுகின்றன. வந்த முதல் வாரத்திலேயே ஆய்வைத் தொடங்கி, மூன்று நான்கு ஆண்டுகளில் முடிக்கலாம். உயிரியல் போன்ற துறைகளில் 65 விழுக்காட்டுப் பணி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் முழுநேர உழைப்பையே எதிர்பார்ப்பார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. என்னை அதைவிடக் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று: மேலதிகாரி, நெறியாளர், ஆய்வேட்டுக்கு மதிப்பெண் இடுபவர் ஆகிய மூவரும் பெரும்பாலும் ஒருவரே. உறவு முறிந்தால் சம்பளம், ஆய்வு, வசிப்பு அனுமதி எல்லாமே ஒருசேர ஆட்டம் காணும். ஜெர்மனியின் முன்னணி ஆராய்ச்சி அமைப்பான மாக்ஸ் பிளாங்க் கழகம் 2000 முதல் நடத்திவரும் பன்னாட்டு ஆய்வுப் பள்ளிகளில் வெளி ஆய்வாளர்களும் இடம்பெறும் ஆலோசனைக் குழு இருப்பதால், ஜெர்மனிக்குச் செல்ல விரும்புவோர் முதலில் அவற்றுக்கு விண்ணப்பிப்பதே நல்லது.

இந்தியாவில் இரண்டு வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சென்னை தரமணியின் கணித அறிவியல் நிறுவனம் போன்றவை மாணவரை முதலில் பாடங்களைப் படிக்கவிட்டுப் பிறகே நெறியாளரைத் தேர்ந்தெடுக்கச் செய்கின்றன. இவ்வகையில் இவை அமெரிக்க முறையை ஒட்டியவை. மாநிலப் பல்கலைக்கழகங்களிலோ, இடம் காலியாக உள்ள நெறியாளரைத் தேடிப் பிடிப்பதிலிருந்தே எல்லாம் தொடங்குகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 மாணவர்களுக்கு மேல் ஏற்க முடியாது. ஆகவே யாரிடம் விருப்பம் என்பதைவிட யாரிடம் இடம் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. திறமையான பிள்ளைகள் தமக்குப் பிடிக்காத தலைப்பில் ஐந்தாறு ஆண்டுகளைக் கழிப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை, இந்தியாவில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 42,000 ரூபாயும் கிடைக்கின்றன. விடுதியில் தங்கினால் இது போதும், ஆனால் குறித்த மாதத்தில் வந்து சேரும் என்று நம்பிக் கடன் வாங்கக் கூடாது. திருமணமானவர்கள் மற்றொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்: அமெரிக்காவில் மாணவரின் துணைவருக்குரிய எஃப்-2 விசாவில் வேலை செய்ய அனுமதியில்லை, ஜெர்மனியில் துணைவர் வேலைக்குச் செல்லலாம்.

கணிதமோ கோட்பாட்டு இயற்பியலோ படிப்பவருக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. தரமணியில் இடம் கிடைத்தும், வெளிநாடு என்ற ஒரே காரணத்துக்காக நடுத்தரமான அயல்நாட்டுத் துறை ஒன்றை அவர் தேர்வதை நான் ஏற்கமாட்டேன். முதுகலைத் திட்ட ஆய்வின்போதே தன் கேள்வியைக் கண்டுகொண்ட சோதனை ஆய்வாளருக்கு ஜெர்மனி பொருத்தமானது. ஒப்புக்கொள்ளுமுன் அந்த ஆய்வகத்திலிருந்து பாதியில் விலகியவர் ஒருவரிடமாவது அவர் பேசியிருக்க வேண்டும். எந்தப் பிரிவில் ஆய்வு செய்வது என்றே இன்னும் தெளிவாகாதவர், நெறியாளரைப் பின்னர் தேர்ந்தெடுக்க விடும் இந்திய நிறுவனங்களுக்கும் அமெரிக்கத் துறைகளுக்கும் மட்டும் விண்ணப்பிக்கட்டும். அமெரிக்காவில் நிதியுதவியுடன் வரும் அழைப்புக்குப் பொதுவாக ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் உண்டு என்பதால், யார் அவசரப்படுத்தினாலும் அதற்கு முன் அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.