எட்டு லட்டுக்கு ஆறு லட்டு வரைந்த புத்தகம்

அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் சிலவற்றைத் தொகுத்து, வழவழப்பான தாளில் வண்ணப் படங்களோடு வந்திருக்கும் புத்தகம் இது. எங்கள் பள்ளி நூலகத்துக்காகப் புத்தகக் காட்சியில் வாங்கினேன். தையல் கெட்டி, பிள்ளைகள் இழுத்தாலும் பக்கம் கழன்று வராது. ஆனால் புத்தகத்தைச் செய்தவர்கள்மேல் எனக்குக் கோபம்.

'வட்டமான தட்டு' பாட்டையே பாருங்கள். தட்டில் எட்டு லட்டு. பாதி கிட்டுவுக்கு, மீதி தங்கை பட்டுவுக்கு, கடைசியில் தட்டு காலி. அண்ணனுக்கும் தங்கைக்கும் சரிபாதி என்பதைப் புத்திமதியாக ஓரிடத்திலும் சொல்லாமல், வகுத்தல் கணக்கையும் சேர்த்து ஊட்டிவிடுகிறார். 'ட்டு' வந்து விழும் இடமெல்லாம் முதல் வகுப்புப் பிள்ளைகள் கை தட்டுவார்கள். இந்தப் பதிப்பிலோ இடத்தை மிச்சம்பிடிக்க அடிகளை ஒன்றோடொன்று ஒட்டி, உரைநடை போல அச்சிட்டிருக்கிறார்கள். எதுகை வரியின் நடுவில் புதைந்துபோகிறது. போதாக்குறைக்குப் படத்தில் ஆறே லட்டு! "மீதி இரண்டு எங்கே டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

எழுதியவரைப் பற்றிப் பின்னட்டையில் 'குழந்தைக் கவிஞர்' என்ற பட்டம் மட்டும் இருக்கிறது. 1922இல் இராயவரத்தில் பிறந்தவர். 'சக்தி' இதழ் அலுவலகத்தில் வேலை பார்த்தபோது அதன் ஆசிரியர் தி.ஜ.ர. (தி.ஜ. ரங்கநாதன்) அவரை எழுதத் தூண்டினார். 1941இல் இந்தியன் வங்கியில் சேர்ந்து 1982 வரை பணியாற்றினார். பகலெல்லாம் வங்கிக் கணக்கோடு இருந்த மனிதர்தான் இத்தனை பாட்டுகளையும் எழுதினார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. 1944இல் 23 பாடல்களோடு வந்த 'மலரும் உள்ளம்' 1954இல் 135 பாடல்களாக வளர்ந்தது. தான் எழுதியதோடு நிற்காமல் 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். ஓய்வுபெற்ற பின் 'கோகுலம்' இதழுக்கு ஆசிரியரானார். இதையெல்லாம் சொல்ல அரைப் பக்கம் போதும். பாடிக்காட்டும் பெற்றோருக்கு அது எவ்வளவு பயன்படும்!

'மாம்பழமாம் மாம்பழம்' பக்கம் மட்டும் நன்றாக வந்திருக்கிறது: பெரிய எழுத்து, வெள்ளைப் பின்னணி, அடிகள் அடிகளாகவே நிற்கின்றன. மற்றப் பாடல்களை நான் கரும்பலகையில் அடி பிரித்து எழுதிப்போட்டுத்தான் பாடவைக்கிறேன். வண்ணப் படமே இல்லாத பழைய பதிப்பு எங்கேனும் கிடைத்தால், யோசிக்காமல் அதை வாங்குங்கள்.