"பெற்றோல் சிந்தினாலும் ஒன்றும் ஆகாது" என்று சொல்லி விற்கப்படும் காப்புப்பூச்சு: வன்னியில் கார் வைத்திருப்போரின் கவனத்துக்கு

எங்கள் பக்கத்தில், ஏ-9 வீதியோரமாக இயங்கும் ஒரு வாகனச் சேவை நிலையத்தில் ‘எரிபொருள் காப்பு’ என்ற பெயரில் ஒரு சேவை விற்கப்படுகிறது. கார் முழுவதற்கும் ‘செரமிக்’ பூச்சு (வர்ணத்தின் மேல் பூசினால் கண்ணாடி போல இறுகும் திரவம்), பெற்றோல் மூடியைச் சுற்றி ஒரு ‘காப்புப் படலம்’, இரண்டுக்கும் சேர்த்து மூன்று ஆண்டு உத்தரவாதம் என்பது அவர்கள் தரும் வாக்கு. காரின் ஒரு பனல் (வெளித்தகட்டின் ஒரு பகுதி) முழுவதற்கும் புதிதாக வர்ணம் அடிக்கும் செலவைவிட அதிகமான தொகையை நான் இதற்குச் செலுத்தினேன். சில மாதங்களுக்குள் பெற்றோல் மூடியைச் சுற்றியிருந்த வர்ணம் கொப்பளித்து, ஒட்டப்பட்ட படலத்தோடு சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் அந்த நிலையத்தின் பெயரை இங்கு எழுதவில்லை. அவர்கள் கையாண்ட முறையை விளக்கமாக எழுதுகிறேன். பெயர் மாறினாலும் முறை மாறாது என்பதால் அதுவே கூடுதலாகப் பயன்படும்.

இத்தகைய சேவைக்கு இங்கு ஆட்கள் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டி, இயந்திரத்தை உயிர்ப்பிக்க மட்டும் சிறு போத்தலில் பெற்றோல் வைத்திருந்த மக்கள் நாங்கள். அன்று ஒரு துளி சிந்தினாலும் மனம் பதறும். 2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைகளில் காத்துக்கிடந்த பின்னரோ, கிடைக்கும்போது கழுத்துவரை நிரப்பிக்கொள்வது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. நிரப்பும் குழாய் தானாக நின்ற பிறகும், கணக்கை முழுத்தொகையாக்குவதற்காக ஊழியர் மேலும் இரண்டு மூன்று தடவை அழுத்துவார். சிந்துவது பெரும்பாலும் அப்போதுதான். பெற்றோல் 10 பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு விரியும். நிலத்தடித் தாங்கியிலிருந்து குளிர்ச்சியாக வரும் பெற்றோலை விளிம்புவரை நிரப்பிவிட்டு, காரைப் பரந்தன் வெயிலில் நிறுத்தினால் அது தனக்கு இடம் தேடும். இவற்றுக்கு மேலாக, வயலுக்கு நீர் இறைக்கும் பம்புக்கும் லான்ட்மாஸ்டர் எனும் இருசில்லு உழவு இயந்திரத்துக்கும் கான்களில் எண்ணெய் ஏற்றிச் செல்வதும் இங்கு வழமை. கானின் மூடி சரியாக இறுகாவிட்டால் பின்கதவின் விளிம்பெல்லாம் டீசல் வழிந்திருக்கும்.

இந்த அச்சத்தைத்தான் அந்த நிலையம் விற்பனைப் பொருளாக்கியிருக்கிறது. வாடிக்கையாளர் வந்ததும், அங்கு நிற்கும் ஒரு காரின் பொனற்றில் சிறிது பெற்றோலை ஊற்றித் தீ வைத்துக் காட்டுகிறார்கள். தீ சில கணங்கள் எரிந்து அணைந்ததும் துணியால் துடைத்து, பளபளப்புக் குறையவில்லை என்று காட்டுகிறார்கள். "அண்ணை, இனி நீங்க பெற்றோலாலயே கழுவலாம்" என்று எனக்குச் சொல்லப்பட்டது. பார்ப்பவரை வாயடைக்க வைக்கும் இந்த வித்தையில் பூச்சுக்கு ஒரு பங்கும் இல்லை. எரிவது பெற்றோலின் ஆவி; திரவம் வற்றும்வரை அதன் அடியிலுள்ள வர்ணம் பெரிதாகச் சூடேறுவதில்லை. தொழிற்சாலையில் அடிக்கப்பட்டு நன்கு இறுகிய மேற்பூச்சு எந்தக் காப்பும் இல்லாமலே அந்தச் சில கணங்களைத் தாங்கும். வாகனங்கள் நிற்கும் இடத்தில் பெற்றோலுக்குத் தீ வைப்பவரை நம்பிக் காரை ஒப்படைக்கலாமா என்பது வேறு கேள்வி.

அவர்கள் பெரிதாகச் சொல்லும் ‘9 எச்’ கடினமும் இதே வகையைச் சேர்ந்தது. கல்லையும் இரும்பையும் கீறிப் பார்க்கும் அளவுகோல் அல்ல அது. பூச்சுகளைப் பென்சில் முனைகளால் கீறிப் பார்க்கும் சோதனையில் மிகக் கடினமான பென்சிலுக்கு உரிய எண். பெற்றோலைத் தாங்கும் திறனைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

காரின் வர்ணம் பல அடுக்குகளால் ஆனது. தகட்டின் மேல் துருத்தடுப்பு, அதன்மேல் பிரைமர் எனும் அடிப்பூச்சு, பின்னர் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே வர்ணம் அடிப்பவர்கள் ‘கிளியர்’ என்று சொல்லும் நிறமற்ற பூச்சு. தொழிற்சாலை வர்ணத்தின் மொத்தத் தடிப்பு பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். கிளியர் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. ஹாட்னர் (வர்ணத்தை இறுக வைக்கும் இரசாயனத் திரவம்) கலந்து அடிக்கப்பட்டு முழுமையாக இறுகிய கிளியர் பெற்றோலின் சிறு சிந்தலுக்குக் கரையாது. ஆனால் பெற்றோல் நெடுநேரம் தங்கினால் அதிலுள்ள தொலுயீன், சைலீன் போன்ற பொருட்கள் பூச்சுக்குள் ஊறி அதை இளக்கும். ஹாட்னர் கலக்காத லக்கர் வர்ணமோ சில நிமிடங்களிலேயே பிசுபிசுக்கத் தொடங்கும். ஆகவே இங்கு முதலில் பார்க்க வேண்டியது இரண்டு: என்ன வர்ணம், எவ்வளவு நேரம்.

என் காரில் நடந்ததற்கு வருகிறேன். உண்மையான செரமிக் பூச்சு அடிப்பதென்றால் காரைக் கழுவி, ஒட்டியிருக்கும் அழுக்குகளைக் களிமண் போன்ற பொருளால் எடுத்து, மேற்பூச்சின் கீறல்களைத் தேய்த்து எடுக்கும் கட் பொலிஷ் செய்து, எண்ணெய்ப்பசையை அற்ககோல் கலந்த திரவத்தால் துடைத்த பின்னரே சிறு சிறு பகுதியாகப் பூச வேண்டும். பூசிய பின் குறைந்தது ஓரிரவாவது நீர் படாமல் வைக்க வேண்டும். ஒரு வாரத்துக்குச் சோப்புப் படக்கூடாது. என் காரை அவர்கள் அன்று பிற்பகலிலேயே தண்ணீர் அடித்துக் கழுவித் திருப்பித் தந்தார்கள். நீர் முத்து முத்தாக உருண்டோடியது உண்மைதான், ஆனால் சாதாரண சிலிக்கோன் பொலிஷும் மெழுகும் அதே காட்சியைச் சில கிழமைகளுக்குத் தரும். மெழுகைப் பெற்றோல் இலகுவாகக் கரைத்துவிடும் என்பதால் அது எரிபொருளுக்கு எதிரான காப்பாக நிற்காது. பூச்சின் போத்தலைக் காட்டக் கேட்டபோது "முடிஞ்சுது அண்ணை" என்றார்கள். தந்த பற்றுச்சீட்டில் செரமிக், படலம், மூன்று ஆண்டு ஆகிய எதுவும் இல்லை. ‘கார் பொலிஷ்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

பூச்சு வெறும் ஏமாற்று என்றால், படலம் நேரடியாகவே கேடு செய்தது. வர்ணக் காப்புக்கென்று தயாரிக்கப்படும் படலம் பொலியூரித்தேனால் ஆனது. ஏறத்தாழ 150 முதல் 200 மைக்ரோன் தடிப்பும், இழுத்தால் நீண்டு திரும்பும் தன்மையும் உடையது. என் காரில் ஒட்டப்பட்டது, முச்சக்கர வண்டிகளில் பெயர் எழுதி ஒட்டும் வகையைச் சேர்ந்த பி.வி.சி. ஸ்ரிக்கர். பெற்றோல் பட்டால் அதன் விளிம்பு சுருங்கும், பசை கரையும். கரைந்த இடத்தால் பெற்றோல் உள்ளே இறங்கிவிட்டால் வெளியேற வழியில்லை. திறந்த வர்ணத்தில் நிமிடக்கணக்கில் ஆவியாகிப் போக வேண்டியது, ஸ்ரிக்கருக்குக் கீழே நாள்கணக்கில் ஊறிக்கொண்டிருக்கும்.

இதைவிட மோசமான இன்னொன்றையும் செய்திருந்தார்கள். பல கார்களில் பெற்றோல் மூடி இருக்கும் குழியின் அடியில் ஒரு சிறு வடிதுளை உண்டு. சிந்தும் பெற்றோலும் மழைநீரும் அதன் வழியே குழாயில் இறங்கி, பின்சில்லுக்கு அருகில் நிலத்தில் விழும். எங்கள் செம்மண் புழுதிக்கு அத்துளை அடைபடுவது சாதாரணம். அதை இடையிடையே நீர் விட்டுப் பார்க்க வேண்டும். படலத்தைக் குழிக்குள்ளும் மடித்து ஒட்டியவர், அந்தத் துளையையும் சேர்த்து மூடிவிட்டார். அதன் பின் சிந்திய ஒவ்வொரு துளியும் குழியில் தேங்கி, விளிம்பைத் தாண்டி, ஸ்ரிக்கருக்கு அடியில் புகுந்திருக்கிறது. அந்தப் பின்பனல் முன்னைய உரிமையாளரால் லக்கர் வர்ணத்தில் மீள அடிக்கப்பட்டது என்பது பின்னர்தான் தெரியவந்தது. தடிப்பு அளக்கும் சிறு கருவி ஒன்றை வைத்துப் பார்த்திருந்தாலே மீள அடித்த பனல் என்பதை அவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள். அந்தக் கருவி அங்கு இருக்கவில்லை.

வர்ணம் உரிந்த பனலுடன் மீண்டும் சென்றபோது கிடைத்த பதில் இது: "பெற்றோல் ஊத்தினா எந்தப் பெயின்றும் போகும்தானே அண்ணை." உத்தரவாதத்தைப் பற்றிக் கேட்டபோது பற்றுச்சீட்டைப் பார்க்கச் சொன்னார்கள். இறுதியில் அதே இடத்தில் இலவசமாக லக்கர் அடித்துத் தருவதாக இறங்கி வந்தார்கள், நான் உடன்படவில்லை.

வேறொரு கராச்சில், நீண்ட காலம் வர்ண வேலை செய்துவரும் ஓர் ஐயா பனலைத் தகடுவரை உரசி, பிரைமரிலிருந்து தொடங்கி ஹாட்னர் கலந்த கிளியர்வரை புதிதாக அடித்துத் தந்தார். மூடியின் உட்புறம், கண்ணில் படாத இடத்தில் வர்ணத்தைக் கரைக்கும் தின்னர் தோய்த்த துணியை மெதுவாக ஒற்றி, மேற்பூச்சுக் கரைந்து துணியில் ஒட்டினால் லக்கர் என்று அறிந்துகொள்ளலாம் என அவர்தான் காட்டினார். புது வர்ணம் முழுமையாக இறுக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், அதுவரை மெழுகோ படலமோ வேண்டாம் என்றும் சொன்னார். பெற்றோல் சிந்தினால் உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது. புழுதியிலுள்ள மணல் அரத்தாள் போலக் கீறிவிடும். முதலில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி வழியவிட வேண்டும், பிறகு காருக்குரிய ஷாம்பூவால் கழுவ வேண்டும். டீசல் விரைவில் ஆவியாகாமல் எண்ணெய்ப்படையாக நின்று புழுதியைப் பிடிக்கும் என்பதால் அதற்கு ஷாம்பூ கட்டாயம். பெற்றோலின் சிறு சிந்தலை உடனே வழியவிட ஒரு போத்தல் தண்ணீர் போதும், ஓரிரு நிமிடத்துக்குள் என்றால்.

இதே நிலையத்தில் இதே சேவையைப் பெற்றவர்கள் சிலராவது இருப்பார்கள். ஸ்ரிக்கரை நீங்களாக இழுத்து உரிக்க வேண்டாம். முதலில் வடிதுளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள், பின்னர் வெப்பக்காற்று அடித்து மெல்லக் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள், கழற்றுமுன் படம் எடுத்து வையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும்; சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். துரித அழைப்பு இலக்கம் 1977. ‘கார் பொலிஷ்’ என்று மட்டும் எழுதப்பட்ட பற்றுச்சீட்டு உங்களிடமும் இருந்தால், அதை எறிந்துவிடாமல் முறைப்பாட்டோடு இணையுங்கள்.