டைமோ எம்1011: தோட்டத்துக்குத் தகடு அடிக்கும் கருவி

தாவரவியல் தோட்டத்தில் செடிக்குப் பக்கத்தில் நட்டிருக்கும் பெயர்ப்பலகை பார்வையாளருக்கானது. ஆவணம் என்றால் செடியிலேயே தொங்கும் சிறு தகடுதான். அதிலுள்ள அக்செஷன் எண்ணை, அதாவது தோட்டத்துக்கு வந்த விதைக்கோ செடிக்கோ பதிவேட்டில் கொடுத்த எண்ணைப் பிடித்துத்தான் விதை எந்தக் காட்டில், எந்தத் தேதியில், யார் எடுத்தது என்பதுவரை போக முடியும். எண் தொலைந்துவிட்டால் அபூர்வ மரமும் வெறும் நிழல்மரம்.

அந்தத் தகட்டுக்கு இந்தக் கருவியைத் தயங்காமல் சொல்லலாம். உடம்பு முழுக்க உலோகம், கனமானது. 12 மி.மீ. அகலத்தில் அலுமினிய நாடாவும் எவர்சில்வர் நாடாவும் போடலாம். சக்கரத்தைத் திருப்பி எழுத்தை நிறுத்திக் கைப்பிடியை அமுக்கினால் எழுத்து புடைத்து வரும். மையும் பேட்டரியும் வேண்டாம். மார்க்கரில் எழுதியது வெயிலில் வெளுத்துப்போகும். புடைப்பெழுத்தோ, பாசி பிடித்தாலும் துடைத்தால் தெரியும். தேய்ந்திருந்தால் மேலே தாளை வைத்துப் பென்சிலால் உரசி வாசித்துவிடலாம்.

அமுக்குவதை அடிவரை அமுக்க வேண்டும். பாதியில் விட்டால் 3 எது, 8 எது என்று தெரியாது. எவர்சில்வருக்குக் கைபலம் கூடுதலாக வேண்டும், மணிக்கட்டு வலிக்கும். ஆனால் கடற்கரைத் தோட்டத்துக்கு அதுதான் சரி. வெட்டிய முனை கிழிக்கும், மூலைகளை மழுக்கிவிடுங்கள். இன்னொரு பெரிய ஆபத்து இலக்கம் இடம் மாறுவது: 0147, 0174 ஆகிவிடும். பதிவேட்டை ஒருவர் வாசிக்க, மற்றவர் தகட்டைப் பார்த்துச் சரிபார்த்த பிறகே கட்ட வேண்டும்.

தாவரப் பெயரை அடிக்காதீர்கள். அக்கேசியா நிலோட்டிகாவாக இருந்த கருவேலம் இன்று வாச்செல்லியா நிலோட்டிகா. எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள அர்னால்டு ஆர்பரேட்டம் என்ற மரத்தோட்டத்தில் 1948-இல் பதிந்த மெட்டாசெகோயா என்ற ஊசியிலை மரத்தின் விதைக்கு 524-48 என்று எண். அந்த மரங்கள் இன்றும் அதே எண்ணில்தான் நிற்கின்றன. ஒரே விதைத்தொகுதியில் முளைத்த மரங்களைப் பிரித்தறிய எண்ணுக்குப் பின்னால் எழுத்து சேர்ப்பார்கள். இடமிருந்தால் மூலக் குறியையும் அடிக்கலாம்: காட்டிலிருந்து வந்ததற்கு டபிள்யூ, காட்டுச் செடியிலிருந்து தோட்டத்தில் பெருக்கியதற்கு இசட், தோட்டத்து மூலத்துக்கு ஜி, தெரியாததற்கு யூ.

தகடு கெடுவதைவிடக் கட்டுவதில்தான் அதிகம் கெடுகிறது. கட்டுக்கம்பி துருப்பிடித்து அறுந்துவிடும். அலுமினியத் தகட்டைச் செப்புக்கம்பியில் மாட்டினால், ஈரம் பட்டதும் இரு உலோகமும் சேர்ந்து துளையோரத்தை அரித்துத் தின்றுவிடும். அலுமினியத்துக்கு அலுமினியக் கம்பி, எவர்சில்வருக்கு எவர்சில்வர் கம்பி. இளங்கன்றின் தண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் பருக்கும்போது கம்பி பட்டைக்குள் புதைந்து கன்றே காய்ந்துபோகும். பக்கக் கிளையில் வளையம் பெரிதாக விட்டுத் தொங்கவிடுங்கள். கவாத்தில் போகப்போகிற கிளையாக இருக்கக் கூடாது. பெரிய மரத்துக்கு எவர்சில்வர் திருகாணியும் ஸ்பிரிங்கும். திருகாணியை முழுக்க இறக்காமல் வெளியே நீள விட்டால், மரம் பருக்கப் பருக்க ஸ்பிரிங் சுருங்கி இடம் கொடுக்கும். வருடாந்தரக் கணக்கெடுப்பின்போது திருகாணியைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். மரத்தண்டு இல்லாத சிறு செடிகளுக்குத் தரையில் அடித்த கம்பியில் மாட்டலாம், ஆனால் புல்வெட்டும் மெஷின் முதலில் தூக்குவது அதைத்தான். அங்கே இரண்டாவது தகடு ஒன்றை வேர் ஓரமாக, எல்லாச் செடிக்கும் ஒரே திசையில் புதைத்து வையுங்கள்.

நாற்றங்காலுக்கு இது ஆகாது. ஒவ்வொரு எழுத்தாகச் சக்கரம் திருப்பிக் குழித்தட்டுகளுக்கு ஈடுகொடுக்க முடியாது. அங்கே பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் எழுதினாலே போதும். தொடர்ந்து கிடைக்கும் நாடாவா என்று பார்த்துவிட்டுக் கருவியை வாங்குங்கள். சில நூறு செடிகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு கருவி தாராளம்.