பழைய ஃபார்மா, பழைய குருடியா?

கிரிக்கெட்டில் ஒருவர் பழைய ஃபார்முக்கு வந்துவிட்டாரா என்று தெரிந்துகொள்ள ஸ்கோர்போர்டைப் பார்த்தால் போதும். ராக் இசையில் அந்த வசதி கிடையாது. நாற்பதைத் தாண்டிய எந்தக் குழு புது ஆல்பம் போட்டாலும், "அந்தக் காலத்து வேகம் திரும்பிவிட்டது" என்று யாராவது எழுதிவிடுவார்கள். அதை நம்பிக் காசு கொடுத்து வாங்கிய சிடிக்கள் என் அலமாரியில் ஒரு தட்டு முழுக்கத் தூசி படிந்து கிடக்கின்றன.

இந்தப் பாராட்டை அள்ளிக்கொண்ட மூன்று ஹெவி மெட்டல் ஆல்பங்களைப் போன வாரம் வரிசையாகப் போட்டுக் கேட்டேன். அயர்ன் மெய்டனின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (2000), மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்' (2008), பிளாக் சபாத்தின் '13' (2013). மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது வழக்கம். கேட்டு முடித்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெய்டனில் திரும்பி வந்தது ஆட்கள். மற்ற இரண்டிலும் திரும்பி வந்தது பாணி, அதுவும் ரிக் ரூபின் என்ற ஒரே தயாரிப்பாளர் சொல்லி.

முதலில் யார் எங்கே சறுக்கினார்கள் என்று பார்த்துவிடலாம். மெட்டாலிகாவின் சறுக்கல் ஊரறிந்தது. 2001 ஜனவரியில் பேஸ் கிடார் வாசித்த ஜேசன் நியூஸ்டெட் விலகினார். அதே ஆண்டு பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் குடியிலிருந்து மீள மறுவாழ்வு மையத்துக்குப் போனார். பாதியில் நின்ற பதிவு மறுபடி தொடங்கி, 2003-இல் 'செயின்ட் ஆங்கர்' வந்தது. கிடாருக்குத் தனி ஆவர்த்தனமாக ஒரு சோலோகூடக் கிடையாது. கிர்க் ஹாமெட் போன்ற கிடார் கலைஞரைக் குழுவில் வைத்துக்கொண்டு சோலோ வேண்டாம் என்பது, சமையற்காரரைக் கூப்பிட்டு வெங்காயம் உரிக்கச் சொல்வது மாதிரி. லார்ஸ் உல்ரிக்கின் ஸ்நேர் டிரம்மோ காலி எண்ணெய் டின்னைத் தட்டுவது போல ஒலித்தது. இந்தக் கூத்தையெல்லாம் கூடவே ஒரு கேமரா படம் பிடித்துக்கொண்டிருந்தது. 2004-இல் ஆவணப்படமாகவும் வெளிவந்தது.

மெய்டனின் சரிவு மெதுவானது. 1990-இல் கிடார் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித் போனார். 1993-இல் பாடகர் புரூஸ் டிக்கின்சனும் போனார். பிளேஸ் பெய்லி வந்து இரண்டு ஆல்பங்கள் பாடினார். அவரை மோசமான பாடகர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் குரல் கனத்த, தாழ்ந்த குரல். டிக்கின்சனின் உச்சஸ்தாயிக்காக எழுதிய பழைய பாட்டுகளை மேடையில் அவர் தலையில் கட்டியது அநியாயம். புதுப் பாட்டுகளும் கைகொடுக்கவில்லை. 1998-இன் 'விர்ச்சுவல் லெவன்' ஆல்பத்தில் 'தி ஏஞ்சல் அண்ட் த கேம்ப்ளர்' என்று ஏறக்குறைய பத்து நிமிடப் பாட்டு ஒன்று உண்டு. அதில் ஒரே பல்லவி திரும்பத் திரும்ப வரும். முதல் முறை கேட்டபோது, கீறல் விழுந்து சிடி மாட்டிக்கொண்டதோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன்.

சபாத்தின் கதை வேறு. பாடகர் ஆஸி ஆஸ்போர்னுடன் அவர்கள் கடைசியாகப் போட்ட முழு ஸ்டுடியோ ஆல்பம் 1978-இல் வந்தது. அடுத்தது 35 ஆண்டுகள் கழித்து '13'. இதைச் சறுக்கல் என்பதா? ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீடு என்பதுதான் சரி.

இப்போது திரும்பி வந்த விதம். 1999-இல் டிக்கின்சனும் ஸ்மித்தும் மெய்டனுக்குத் திரும்பினார்கள். பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. இருவரும் வெளியே சும்மா இருக்கவில்லை. 1997-இலும் 1998-இலும் டிக்கின்சனின் பெயரில் சேர்ந்து போட்ட இரண்டு ஆல்பங்களும் அந்த நேரத்து மெய்டனைவிட நன்றாகவே இருந்தன. அதாவது, ஃபார்மைத் தேடி அவர்கள் வரவில்லை. வரும்போதே ஃபார்மில் இருந்தார்கள். ஸ்மித்தின் இடத்தில் இருந்த யானிக் கெர்ஸையும் யாரும் வெளியே அனுப்பவில்லை. டேவ் மர்ரே, ஸ்மித், கெர்ஸ் என்று மூன்று கிடார். கல்யாண வீட்டில் மூன்று சம்பந்தி போல இது ஒத்துவராது என்றுதான் நானும் நினைத்தேன். ஒத்துவந்தது.

குழுவின் தலைவரும் பேஸ் கிடார் கலைஞருமான ஸ்டீவ் ஹாரிஸ் முந்தைய இரண்டு ஆல்பங்களையும் எசெக்ஸில் தன் சொந்த ஸ்டுடியோவில் தானே பொறுப்பேற்றுச் செய்திருந்தார். இந்த முறை பாரிஸுக்குப் போய், கெவின் ஷெர்லியைக் கூடத் தயாரிப்பில் சேர்த்துக்கொண்டு, குழு முழுவதும் ஒன்றாக நின்று வாசித்துப் பதிவு செய்தார்கள். அந்தக் காற்றோட்டம் காதில் விழுகிறது. 'தி விக்கர் மேன்' நாலரை நிமிடம்தான். ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு, தொடங்கிய பத்தாவது நொடியில், பழைய பத்து வருடத்தை மன்னித்துவிடுவீர்கள். 'பிளட் பிரதர்ஸ்' ஹாரிஸ் தன் மறைந்த அப்பாவை நினைத்து எழுதியது. தாலாட்டின் ஆட்டமும் அணிவகுப்பின் கனமும் சேர்ந்த தாளம். குறையே இல்லையா என்றால், இருக்கிறது. 'தி நோமாட்' ஒன்பது நிமிடத்தை ஆறாக வெட்டியிருக்கலாம். 'ட்ரீம் ஆஃப் மிரர்ஸ்' பல்லவியை இன்னும் இரண்டு தடவை குறைத்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

இந்த ஆல்பம் மெய்டனின் 1982 ஆல்பத்தைப் போலவோ 1984 ஆல்பத்தைப் போலவோ ஒலிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாட்டுகள் நீளம், அடுக்குகள் அதிகம், கீபோர்டு பின்னால் விரிந்து கிடக்கிறது. பழைய ஆட்கள் வந்து புது வீடு கட்டினார்கள். அதற்குப் பிறகு மெய்டன் போட்ட ஒவ்வொரு ஆல்பமும் இந்த வீட்டின் மாடிதான்.

மெட்டாலிகா செய்தது இதற்கு நேர் எதிர். 1991 முதல் கூடவே இருந்த தயாரிப்பாளர் பாப் ராக்கை விட்டுவிட்டு ரூபினிடம் போனார்கள். பழசைப் பார்த்து வெட்கப்படாதீர்கள், எண்பதுகளில் இருந்த மனநிலைக்குப் போங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். போனார்கள். எவ்வளவு தூரம் என்றால், பாட்டு வரிசை வரைக்கும். 1984, 1986, 1988 ஆல்பங்கள் மூன்றிலும் நான்காவது பாட்டு மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும். 'டெத் மேக்னெட்டிக்'கிலும் நான்காவதாக வரும் 'தி டே தட் நெவர் கம்ஸ்' அப்படியே. 1986-லும் 1988-லும் கடைசிக்கு முந்தையது யாரும் பாடாத வாத்தியப் பாட்டு, கடைசி ஒரு வேகப் பாட்டு. இங்கும் அச்சு அசல் அதே. பழைய வினாத்தாளை வைத்துப் பரீட்சை எழுதியது போல.

இருந்தாலும் நன்றாக எழுதியிருக்கிறார்கள், அதை மறுக்க முடியாது. ஹாமெட்டுக்கு சோலோ திரும்பக் கிடைத்தது. மனிதர் ஐந்து வருடப் பசியோடு வாசிக்கிறார். நியூஸ்டெட்டின் இடத்துக்கு வந்த ராபர்ட் ட்ருஹீயோவுக்கு மெட்டாலிகாவில் இதுதான் முதல் முழு ஆல்பம். 'ஆல் நைட்மேர் லாங்' எட்டு நிமிடம், ஒரு நொடிகூட வீண் இல்லை. ரிஃப்களை மட்டும் வைத்து மதிப்பெண் போடச் சொன்னால், மூன்று ஆல்பங்களில் இதற்குத்தான் முதலிடம் தருவேன். 'அன்ஃபர்கிவன்' என்ற பழைய பாட்டின் மூன்றாம் பாகத்தை மட்டும் யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை.

அப்புறம் அந்தச் சத்தம். எங்கள் தெருவில் ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது கூம்பு ஸ்பீக்கர் கட்டுவார்கள். வால்யூமை முழுக்கத் திருப்பியதும் எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல் விரிசல் விட்டுக் கரகரக்கும். 'டெத் மேக்னெட்டிக்' சிடியில் நடந்தது ஏறக்குறைய அதுதான். மெல்லிய இடம், உரத்த இடம் என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லாவற்றையும் உச்சத்துக்குத் தள்ளி நசுக்கிவிட்டார்கள். ஒலியலையின் தலை வெட்டுப்பட்டு, டிரம் அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிசிறு கேட்கும். நல்ல ஹெட்ஃபோன் வைத்திருப்பவர்களுக்குத்தான் தண்டனை அதிகம். ஆல்பத்தின் கடைசி ஒலிச் சீரமைப்பான மாஸ்டரிங்கைச் செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வரும்போதே ஒலிக்கலவை அப்படித்தான் நசுங்கியிருந்தது என்று ஒரு ரசிகருக்கு எழுதியது வெளியே கசிந்தது.

வேடிக்கை என்னவென்றால், இதே பாட்டுகள் 'கிடார் ஹீரோ' என்ற வீடியோ கேமிலும் வெளிவந்தன. கேமுக்கு ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனித் தடமாகக் கொடுக்க வேண்டும், அதனால் அந்த நசுக்கல் அதில் இல்லை. ரசிகர்கள் அதை எடுத்து சிடியோடு பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, ஆல்பத்தை மறுபடி கலந்து கொடுங்கள் என்று ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பினார்கள். பொம்மைக் கிடார் வைத்து விளையாடும் பிள்ளைகளுக்குக் கிடைத்த நல்ல ஒலி, காசு கொடுத்து சிடி வாங்கியவனுக்குக் கிடைக்கவில்லை.

'13'-க்கு வருவோம். இதில் ரூபின் இன்னும் ஒரு படி மேலே போனார். குழுவை உட்காரவைத்து அவர்களுடைய 1970 முதல் ஆல்பத்தையே போட்டுக்காட்டி, இதிலிருந்து தொடங்குவோம் என்றார். விளைவு, முதல் பாட்டு 'எண்ட் ஆஃப் தி பிகினிங்' 1970-இன் முதல் பாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கிறது. 'ஸைட்கைஸ்ட்' கேட்டால் சபாத்தின் பழைய 'பிளானட் கேரவன்' ஞாபகம் வராமல் போகாது. பழைய குருடி, கதவைத் திறடி. போதாததற்கு, ஒப்பந்தத் தகராறில் பழைய டிரம்மர் பில் வார்ட் வரவில்லை. டிரம்ஸுக்கு ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவின் பிராட் வில்க் வந்தார். குறை சொல்ல முடியாத வாசிப்பு, ஆனால் வார்டின் அந்தத் தள்ளாட்டம், தாளம் விழுந்துவிடுமோ என்று பயமுறுத்திவிட்டு நிமிரும் ஜாஸ் சாயல், அது எங்கே?

கடுமையாகப் பேசுகிறேன் என்று தெரிகிறது. சபாத்தின் கிடார் கலைஞர் டோனி அயோமி 2012 தொடக்கத்தில் நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, சிகிச்சைக்கு நடுவே வாசித்த ஆல்பம் இது. பதினேழு வயதில் தொழிற்சாலை இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்து, அதற்கு மூடி செய்து போட்டுக்கொண்டு ஒரு இசை வகையையே உண்டாக்கியவர். 'டேமேஜ்டு சோல்' பாட்டில் அவர் ப்ளூஸுக்குள் இறங்கும் இடத்தில், ரூபினின் வீட்டுப்பாடம் மறந்துபோய் நிஜ சபாத் ஒரு ஏழெட்டு நிமிடம் எட்டிப் பார்க்கிறது. விற்பனையில் மூன்றில் எதுவும் தோற்கவில்லை என்றாலும், அமெரிக்காவில் சபாத்துக்கு வாழ்நாளில் முதன்முதலாக முதலிடம் வாங்கித் தந்தது '13'தான்.

சரி, எதை வைத்துத் தீர்ப்பு சொல்வது? எனக்கு மேடை போதும். தங்கள் ஆல்பத்தின்மேல் ஒரு குழுவுக்கு எவ்வளவு நம்பிக்கை என்பது பேட்டியில் தெரியாது, கச்சேரியில் தெரிந்துவிடும். 2001 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் இரண்டரை லட்சம் பேருக்கு முன்னால் மெய்டன் வாசித்த முதல் மூன்று பாட்டுகளும் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' பாட்டுகள். அன்று மொத்தம் ஆறு புதுப் பாட்டு. அதோடு பெய்லி காலத்துப் பாட்டு இரண்டையும் டிக்கின்சன் பாடினார். கெட்ட காலத்தை ஒளித்துவைக்கவில்லை. சபாத் 2017 பிப்ரவரி 4 அன்று சொந்த ஊரான பர்மிங்காமில் தங்கள் பிரியாவிடைப் பயணத்தை முடித்தது. அன்று '13'-இலிருந்து ஒரு பாட்டுகூட இல்லை. மெட்டாலிகா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 'டெத் மேக்னெட்டிக்'கின் நான்காவது பாட்டை அவ்வப்போது எடுப்பார்கள், மிச்சம் அபூர்வம். நம் பக்கம் பெங்களூரு பேலஸ் மைதானத்துக்கு மெய்டன் 2007-லும் மெட்டாலிகா 2011-லும் வந்தன. இரண்டுக்கும் சென்னையிலிருந்து இரவு பஸ் பிடித்துப் போன நண்பர்கள் எனக்கு உண்டு. எது பெரிய கச்சேரி என்று இன்றும் வாட்ஸ்அப்பில் அடித்துக்கொள்கிறார்கள்.

என் வரிசையில் மெய்டன் முதல், கொஞ்சம் இடைவெளி விட்டு மெட்டாலிகா, ரொம்ப தூரம் விட்டு சபாத். மெட்டல் பழக்கமே இல்லாதவர் 'பிளட் பிரதர்ஸ்' கேட்டுத் தொடங்கலாம். மெட்டாலிகாவைக் கேட்பதென்றால், அந்த கேம் ஒலியில் கேட்டவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் கேட்டு வாங்குங்கள், சிடி வேண்டாம். '13'-இல் 'டேமேஜ்டு சோல்' கேளுங்கள், அப்புறம் அடுத்து வரும் 'டியர் ஃபாதர்'. அது முடியும்போது இடி, மழை, தேவாலய மணி. 1970 ஆல்பம் தொடங்குவதும் அதே மழையில், அதே மணியில். ஆஸி 2025 ஜூலையில் இறந்த அன்று இரவு இரண்டையும் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்துப் போட்டேன். எது எங்கே முடிந்தது என்று தெரியவில்லை.