27 அங்குல 4கே திரையில் கோடிங் கருவிகள்: மங்கல் வேறு, பொடி எழுத்து வேறு

27 அங்குல 4கே திரையில் அங்குலத்துக்கு 163 பிக்சல். பக்கத்தில் இருக்கும் 24 அங்குல ஃபுல் ஹெச்டி திரையில் 92. விண்டோஸ் 100 சதவீதம் என்று கணக்கிடுவது அங்குலத்துக்கு 96 பிக்சலை. அதனால் 4கே திரைக்கு ஸ்கேலிங்கை, அதாவது எழுத்தையும் படங்களையும் பெரிதாக்கும் அளவை, 150 சதவீதம் வைத்தால் 2560க்கு 1440 அளவுள்ள திரையின் இடம் கிடைக்கிறது. நாள் முழுக்கக் கோட் படிக்க இதுவே தோதான அளவு. 200 வைத்தால் எழுத்து அழகாக இருக்கும், ஆனால் இடம் பழைய ஃபுல் ஹெச்டி அளவுக்குச் சுருங்கிவிடும்.

இந்த அமைப்பில் இரண்டு வகைத் தொல்லை வரும். எழுத்து மங்கலாகத் தெரிந்தால், அந்த மென்பொருளுக்கு ஸ்கேலிங் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது 96 கணக்கில் வரைந்ததை விண்டோஸ் படமாக இழுத்துப் பெரிதாக்குகிறது. எழுத்து கூர்மையாக, ஆனால் பொடியாகத் தெரிந்தால், ‘நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று விண்டோஸிடம் சொல்லிவிட்டு அது எதையும் பெரிதாக்கவில்லை. எது என்று தெரியாமல் செட்டிங்கில் கை வைக்கக் கூடாது. டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பக்கத்தின் தலைப்பு வரியில் ரைட் கிளிக் செய்து, ‘டிபிஐ அவேர்னெஸ்’ (அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதை அறிந்திருக்கிறதா) பத்தியைச் சேர்த்தால் ஒவ்வொரு புரோகிராமின் நிலையும் தெரியும். ‘சிஸ்டம்’ என்று காட்டுபவை முதன்மைத் திரையின் அளவை மட்டுமே பிடித்துக்கொள்ளும். அடுத்த திரைக்கு நகர்த்தினால் மங்கும். கோட் எழுதும் திரையையே முதன்மைத் திரையாக வைத்தால் பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

எக்ஸிக்யூட்டபிள் ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் கம்பேட்டிபிலிட்டி பக்கத்தில் ஸ்கேலிங்கை மாற்றும் வசதி இருக்கிறது. பலரும் கண்ணை மூடிக்கொண்டு ‘அப்ளிகேஷன்’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். அது மங்கலைப் பொடி எழுத்தாக மாற்றுகிறது, அவ்வளவுதான். விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பில் வந்த ‘சிஸ்டம் என்ஹான்ஸ்டு’ இதைவிட நல்லது: பழைய முறையில் எழுதப்படும் எழுத்துகளைப் பெரிய அளவிலேயே புதிதாக வரைகிறது. கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டின் ஜன்னல் கருவிகளான கிட் ஜியுஐ, கிட்கே இரண்டும் மங்கினால் இதை வைக்கலாம். இவை உண்மையில் ஓடுவது கிட் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘விஷ்’ என்ற ஃபைலில். ஷார்ட்கட்டில் மாற்றினால் பலன் இருக்காது. ஐகான்கள் மட்டும் அப்போதும் சற்று மங்கலாகவே நிற்கும்.

கண்ணுக்குத் தொல்லை தருவது ஒரு பக்கம் இருக்கட்டும். கோட் ஃபைலையே கெடுப்பது விஷுவல் ஸ்டூடியோவில் விண்டோஸ் மென்பொருளின் ஜன்னல்களை (ஃபார்ம்) வடிவமைக்கும் வின்ஃபார்ம்ஸ் டிசைனர்தான். 150 சதவீதத்தில் ஒரு ஃபார்மைத் திறந்ததும், 100 சதவீதத்தில் மறுபடி தொடங்கவா என்று மேலே ஒரு பட்டை கேட்கும். அதை மூடிவிட்டு ஒரே ஒரு பட்டனை நகர்த்தி சேவ் செய்து பாருங்கள். டிசைனர் ஃபைலில் ஃபார்மின் அளவுக்கு அடிப்படையான ஆட்டோஸ்கேல் டைமென்ஷன்ஸ் 6, 13 என்பது 9, 20 ஆகிவிடும். எல்லா கன்ட்ரோல்களின் இடமும் அளவும் மாறும். மாறிய வரிகளைக் காட்டும் கிட் டிஃபில் நூற்றுக்கணக்கான வரிகள் வந்து நிற்கும். 100 சதவீதத் திரை வைத்திருப்பவர் அதே ஃபார்மைத் திறந்து சேவ் செய்தால் எல்லாம் திரும்பவும் சுருங்கும். ஒவ்வொரு முறையும் பின்னம் முழு எண்ணாக்கப்படுவதால், நாலு கைகள் மாறியபின் லேபிளும் டெக்ஸ்ட்பாக்ஸும் ஒரே வரிசையில் நிற்காது. ‘நோ ஸ்கேல்’ சுவிட்சோடு விஷுவல் ஸ்டூடியோவைத் தொடங்கலாம், ஆனால் எடிட்டர் உட்பட எல்லாமே மங்கும். விஷுவல் ஸ்டூடியோ 2022-இன் 17.8 பதிப்பிலிருந்து சரியான வழி உண்டு: ப்ராஜெக்ட் ஃபைலில் ‘ஃபோர்ஸ் டிசைனர் டிபிஐ அன்அவேர்’ என்ற ப்ராப்பர்ட்டியை ‘ட்ரூ’ என்று சேர்த்தால் டிசைனர் டேப் மட்டும் 96 கணக்கில் திறக்கும். அந்த மாற்றத்தைத் தவறாமல் கமிட் செய்யுங்கள்; குழுவில் ஒருவர் அது இல்லாமல் திறந்தாலும் பழைய கதைதான்.

ஜாவாவில் எழுதிய கருவிகளுக்கு எல்லைக்கோடு 2017-இல் வந்த ஜாவா 9. அதற்கு முந்தைய ஜாவாவில் ஓடுபவை விண்டோஸில் சரியாக ஸ்கேல் ஆகாது. கருவி ஏற்றுக்கொண்டால் ஜாவா 11 அல்லது 17-க்கு மாற்றுவதே மருந்து. ஜாவா எடிட்டரான எக்லிப்ஸ் வேறு வகை. அதன் பழைய பதிப்புகள் ஸ்கேலிங்கை 100, 200 என்று முழு நூறாக்குவதால், 150-இல் எழுத்து சரியாக இருக்க ஐகான்கள் மட்டும் எள்ளளவாகத் தெரியும். எக்லிப்ஸ் ஐஎன்ஐ ஃபைலில் எஸ்டபிள்யூடி (எக்லிப்ஸின் திரை வரையும் பகுதி) ஆட்டோஸ்கேலுக்கு ‘குவார்ட்டர்’ என்று கொடுத்தால் 25 சதவீதப் படிகளில் பொருந்தும். அந்த வரி ‘விஎம்ஆர்க்ஸ்’ வரிக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே எழுதினால் ஜாவா கண்டுகொள்ளாது.

விஎஸ் கோட் எடிட்டர் விண்டோஸில் தொந்தரவு தருவதில்லை. ஜூம் லெவல் ஒரு படி ஏற்றினால் 20 சதவீதம் பெரிதாகும். லினக்ஸில் புதிய திரை முறையான வேலேண்ட் மீது 150 சதவீதம் வைத்து மங்கலாகத் தெரிந்தால், அது பழைய எக்ஸ்11 முறைக்கான எக்ஸ்வேலேண்ட் வழியாக ஓடுகிறது என்று பொருள். ‘ஓசோன் பிளாட்ஃபார்ம்’ என்ற சுவிட்சுக்கு வேலேண்ட் என்று கொடுத்துத் தொடங்க வேண்டும். லினக்ஸ் டெஸ்க்டாப்பான கேடிஈ பிளாஸ்மா 5.26 முதல், பழைய எக்ஸ்11 புரோகிராம்கள் தாங்களே ஸ்கேல் செய்துகொள்ள விடும் தேர்வு டிஸ்ப்ளே செட்டிங்கிலேயே இருக்கிறது.

சரிசெய்தது சில மாதம் கழித்துத் திடீரென்று திரும்பி வந்தால் ஃபோல்டர் பெயரைப் பாருங்கள். கம்பேட்டிபிலிட்டி மாற்றங்களை விண்டோஸ் ஃபைலின் முழுப் பாதையை வைத்தே ரெஜிஸ்ட்ரியில் எழுதிவைக்கிறது. புதிய பதிப்பு எண்ணுள்ள ஃபோல்டரில் கருவியைப் பிரித்துப் போட்டால் பழைய செட்டிங் அதற்குப் பொருந்தாது. பதிப்பு எண் இல்லாத ஒரே ஃபோல்டர் பெயரில் வைத்திருந்தால் அப்டேட்டுக்குப் பிறகும் அது நிலைக்கும்.